மூன்றாம் ப்ரூஃப்

பங்குனி பிறந்தால் எங்களுக்குத் தூக்கமில்லை.
உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கம்
எந்த ஊரில் காப்புக் கட்டினாலும்
நோட்டீஸ் சிம்மக்கல்லுக்கு வந்துவிடும்,
எங்கள் அச்சகத்துக்கு.

அன்று கருமாத்தூருக்கு அப்பால் ஓர் ஊர்.
இரவு பத்து மணிக்கு மேல் விடிய விடிய நாடகம்.
ராஜபார்ட், ஸ்திரீபார்ட், ஆர்மோனியம், மிருதங்கம்
எல்லாம் பழைய ஃபைலில் இருப்பதுதான்.
பெயரை மட்டும் மாற்றுவேன்.
பபூன் என்ற இடத்தில் கை நின்றது.
கமிட்டி கொடுத்த தாளில்
ஒச்சம்மாள் என்றிருந்தது.

பபூனுக்குப் பெண்பால் என்ன?
நடிகன் நடிகை, பாடகன் பாடகி
என்று கோடிட்ட இடம் நிரப்பி
பத்து மார்க் வாங்கியவள் நான்.
பபூனி என்று அடித்துப் பார்த்தேன்.
கடலைமிட்டாய்க் கம்பெனிப் பெயர் மாதிரி இருந்தது.
அழித்தேன்.
பபூன், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பெண்,
முதல் ப்ரூஃப் எடுத்தேன்.

எக்ஸெல் வண்டியை வாசலில் சாய்த்துவிட்டு
ஒச்சம்மாளே வந்தார்.
காதோரம் முந்தின ராத்திரி அரிதாரம்.
தாளை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"அம்மாள்னு பேர்லயே இருக்கே தாயி.
இன்னும் எத்தனை தடவைதான்
நான் பொம்பளைன்னு சத்தியம் பண்றது?"
என் சிவப்புப் பேனாவை வாங்கி
அந்த வார்த்தையை
இரண்டு கதவோடும் சேர்த்து அடித்தார்.

இரண்டாம் ப்ரூஃப் செயலாளர் ஆசை.
"நகைச்சுவை நடிகைன்னு போடு தங்கச்சி,
கவுரவமா இருக்கும்" என்றார் போனில்.
போட்டேன்.
ஓரத்தில் ஒரு ரோஜாப்பூவும் வைத்தேன்.

ரோஜாவைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தார்.
"நடிகைன்னா முன்வரிசை மீசையை முறுக்கும்,
பத்து ரூவா நோட்டுக்கு ஊக்கு தேடும்.
பபூன்னா சிரிக்கும்.
சிரிக்க வைக்கத்தான்
அட்வான்ஸ் வாங்கியிருக்கேன்.
போன வருசம் ஒரு ஊர்ல இப்பிடிப் போட்டு
பேசின பணத்துல ஐநூறைக் குறைச்சுட்டாய்ங்க."

டீ ஆறும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.
ஆம்பளைகள் சேலை கட்டி
ஸ்திரீபார்ட் ஆடின காலத்தில்
எந்த நோட்டீஸிலாவது ஆண் என்று
அடைப்புக்குறி இருந்ததா என்று கேட்டார்.
திட்டும்போது பார், கூத்தாடி என்பான்.
அதில் ஆணுமில்லை பெண்ணுமில்லை.
வசவுக்கு மட்டும்
எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
என் சம்பளச் சீட்டு கிடந்தது:
மா. முத்துராக்கு, ஆபரேட்டர்.
பதினோரு வருடமாய் ஆபரேட்டர்.
கவனித்தது அன்றுதான்.

மூன்றாம் ப்ரூஃப்.
பபூன்: உசிலை ஒச்சம்மாள்.
ராஜபார்ட்டுக்கு என்ன எழுத்தோ அதே எழுத்து, அதே அளவு.
ரோஜா இல்லை.

நாடகத்துக்கு நானும் போனேன்,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் விடிந்துதான் என்று தெரிந்தே.
பெயரைச் சரிசெய்துவிட்டோம், வினையை என்ன செய்வது?
தமிழில் வாக்கியம் முடிகிற படிக்கட்டில்
ஒரு கண்டக்டர் நின்று டிக்கெட் கேட்பார்:
வந்தானா, வந்தாளா, வந்தாரா?
வந்தார் என்றால் மரியாதை. ஆனால்
பபூன் வந்தார் என்றால் சிரிப்பு செத்துவிடும்.
ஆர்மோனியக்காரர் வந்தா... என்று இழுத்து
மிச்ச எழுத்தைச் சுதிக்குள் கரைத்துவிட்டார்.

சாக்கு விரிப்பிலிருந்து ஒரு பொடிசு கத்தியது:
"ஏய், பபூன் வந்துருச்சு டோய்!"

வந்துருச்சு.
கரண்டு வந்துருச்சு, மழை வந்துருச்சு மாதிரி.
இலக்கணத்துக்கு அது அஃறிணை.
எங்கள் பக்கம் பிரியமானவர்களை
அப்படித்தான் சொல்வோம்.
ஒச்சம்மாள் முதுகைக் காட்டியபடி
பின்பக்கமாகவே நடந்து வந்து
மைக்கில் தும்மினார்.
ஒரு ஊர் மொத்தமும் குலுங்கியது.

நோட்டீஸ் பாக்கி எண்ணூறு இன்னும் வரவில்லை.
செயலாளர் போனை எடுப்பதில்லை.