பந்தியின் ஓரம்

ஆறு பிளக்கையும் கழற்றி
பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தார் சிக்கந்தர் ராவுத்தர்.
நடுவில் இரண்டும் அடுப்புக்கரி.
ஓரத்தில் இரண்டும் சுண்ணாம்பு.
மிச்ச இரண்டு
எந்தப் பக்கம் சேர்வதென்று யோசிக்கிற நிறம்.

"பாருங்க, பந்தி சரியில்ல" என்றார்.
"பரிமாறுறவன் நடுவுலயே நிக்கிறான்.
பக்கத்துல இருக்கவனுக்கு ரெண்டு தரம் பாயசம்,
கடைசி இலைக்கு வெறும் வாளிச் சத்தம்."

ஆறாவது பிளக்கை எடுத்துப் பார்த்தேன்.
எங்கள் வீட்டில் நானும் ஆறாவது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

ஐம்பத்திரண்டு மாடல் ஷெவர்லே.
வண்டிப்பெரியாறு எஸ்டேட்காரர் கடனில் முழுகியபோது
ஏலக்காய் பாக்கிக்குப் பதிலாக என்னிடம் வந்தது.
ஆறு சிலிண்டரும் ஒரே கோட்டில்,
ரேஷனுக்கு நிற்பதுபோல்.
அத்தனைக்கும் ஒற்றை கார்புரேட்டர்,
ஒரே ஒரு தொண்டை.
குமுளி மலையில் ஐந்தாவது வளைவில்
மூச்சு வாங்கும்.
பின்னால் வரும் பஸ்காரன்
ஹாரனிலேயே என் குலத்தை விசாரிப்பான்.

ஆகவே இரண்டு.
சோலக்ஸ். அம்பாசிடரில் இருந்தவை.
ஒன்று சங்கனாச்சேரி டாக்சியில் உழைத்தது,
மற்றது உத்தமபாளையத்தில்
கோழி அடைகிற வண்டியில் தூங்கியது.
முகம் ஒன்றுதான், வளர்ப்பு வேறு.
ஒன்றுக்கு மிதவையில் ஓட்டை,
இன்னொன்றுக்குத் தண்டு தேய்ந்து ஆட்டம்.
மண்ணெண்ணெயில் இரவெல்லாம் ஊறின.
விடிந்ததும் ஜெட்டுகள்
தாங்கள் பித்தளை என்று ஒப்புக்கொண்டன.

இரண்டையும் உட்காரவைக்க ஒரு மேனிஃபோல்டு.
கம்பத்தில் லேத் ஓட்டும் ஜெயசுதா
நான் வெட்டிய அட்டையை வெளிச்சத்தில் பிடித்து
"ரெண்டு மில்லி பொய் சொல்லுது" என்றாள்.
பொய்தான். என் கத்திரிக்கோல் அப்படி.
அவளே வந்து எஞ்சினை அளந்தாள்,
காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்.
போகும்போது பேசினாள்: நாலாயிரத்து எழுநூறு.

பிறகு சமன் செய்கிற வேலை.
ரப்பர் குழாயின் ஒரு முனை கார்புரேட்டர் வாயில்,
மறு முனை ராவுத்தர் காதில்.
இங்கே ஸ்ஸ்ஸ்ஸ்.
அங்கே ஸ்ஸ்.
கால் திருகு. அதில் பாதி.
ரேடியோவை நிறுத்தச் சொன்னார்.
ஏதோ கேட்க வந்த திராட்சை லாரிக்காரன்
கேட்காமலே நின்றான்.
இரண்டு மூச்சும் ஒன்றான இடத்தில்
அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் மலை.
லோயர் கேம்ப்பில் தண்ணீரோடு இறங்கும்
பெரிய குழாய்களுக்கு எதிர்த்திசையில் ஏறினோம்.
யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று மட்டும்
இங்கே டீக்கடையில் பேசக்கூடாது, கிளாஸ் உடையும்.
ஐந்தாவது வளைவு வந்தது, போனது.
பீடியை எடுத்த ராவுத்தர் பற்றவைக்க மறந்தார்.
கண்ணாடியில் பஸ்
ஒரு பொட்டு அளவுக்குச் சிறுத்தது.

செக்போஸ்ட்டில் நிறுத்தினால்
பின்னால் கன்னங்கரேலென்று புகை.
"எந்தா சேச்சி, தீ பிடிச்சோ?" என்று
ஓடிவந்தான் காவலர் பிஜுமோன்.

மேலே காற்று மெல்லிசு.
கீழே அளவாயிருந்த பெட்ரோல்
இங்கே, போதும் போதும் என்கிற விருந்தாளியின் இலையில்
கவிழ்க்கிற சோறு.
கூடலூருக்குச் சரியென்றால் குமுளிக்குத் தப்பு.
குமுளிக்குச் சரியென்றால் கூடலூரில் இருமும்.

ராவுத்தர் ரொம்ப நேரம் பேசவில்லை.
அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டி.
உள்ளே பஞ்சில் சுற்றி இரண்டு ஜெட்,
ஒரு நம்பர் சின்னவை.
மனுஷனுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

இப்போதெல்லாம் ஏலத்துக்குப் போகும் நாட்களில்
எல்லையில் பானெட்டைத் தூக்குகிறேன்.
ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்து நிமிடம்.
'என்ன விலை', 'எந்தா வில' ஆகிற
அதே இடம்தான்.
பிஜுமோன் தீப்பெட்டியைப் பிடித்துக்கொள்வான்,
எதற்கென்று இதுவரை கேட்டதில்லை.

நேற்று பிளக்கைக் கழற்றினேன்.
ஆறும் பிஸ்கட் நிறம்.
ஆறாவதை மட்டும்
துணியில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தேன்,
சூடு ஆறும்வரை.