ஆம்

ஓல்டன் ரயில் நிலைய உணவகத்தில்
பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே
ஒரு சன்னல். அதில் ஆரே ஆறு தெரியும்.
நவம்பரில் தெரியாது.

தகரப்பேணியில் சேர்ந்த டிப்ஸ் காசு
நூற்றெண்பத்துநாலு பிராங்க்
ஒரு செவ்வாய்க்கிழமை காலை இல்லை.
முந்தின இரவு எண்ணிவைத்தது நான்.
அதனால் அந்தத் தொகையை மட்டும்
அடித்துச் சொல்வேன்.

தவமலரக்கா கண்டது:
ஹப்தோம் இறாக்கையடியில் குனிந்து நின்றது.
அவ யோகநாதனிடம் சொன்னது:
"அதடியில என்னவோ தேடினவன்."
யோகநாதன் என்னிடம் சொன்னது:
"அவன்தான் எடுத்தானாம்."

குனிந்தான், தேடினான், எடுத்தான்.
அடுப்பிலிருந்து கோப்பி மெஷின் வரை
இருபதடி தூரத்துக்குள்
ஒரு வினை இன்னொன்றைப் பெற்றுப்போட்டது.

அவன் வேலைக்கு வந்து ஒன்பது நாள்.
வந்தான், காசு போச்சு.
காகம் இருந்தது, பனம்பழம் விழுந்தது.
பனையே இல்லாத ஊரில்
காகத்தைப் பிடித்து நிறுத்தி
பழம் எங்கே என்கிறோம்.

"நெருப்பில்லாமல் புகையுமோ அண்ணை?"
கைவசம் ஒரு பழமொழி இருந்தால்
யோகநாதனுக்கு விசாரணை முடிந்தது.
மலையில் புகை கண்டு
அங்கே நெருப்பு என்று கருதிக்கொண்ட
பழைய தருக்கக்காரர்கள்கூட
மூடுபனியைப் புகையென்று கொள்ளாதே என்று
ஒரு வரி சேர்த்துத்தான் வைத்தார்கள்.
நான் சன்னலைப் பார்த்தேன்.
ஆறு முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது.

திருமதி எஷ்லிமான் என்னைக் கூப்பிட்டார்.
சமையலறையில் ஜெர்மன் ஒழுங்காய் வருவது எனக்கு.
என்ன சொல்கிறார்கள்?

எடுத்தானாம்.
அந்தச் சொல்லின் பாரமெல்லாம்
வாலில் தொங்கும் ஆமில் இருக்கிறது.
நான் காணவில்லை. காதால் கேட்டேன்.
சொன்னவன் வாய்க்கு நான் பிணையில்லை.
இவ்வளவும் இரண்டெழுத்தில்.

ஜெர்மனிலும் வழி உண்டு,
மாலை வகுப்பில் ஆறு வாரம் படித்தேன்:
ஹட் என்றால் எடுத்தான்
ஹாபெ என்றால் எடுத்தானாம்.
பரீட்சையில் முழுப் புள்ளி.
அன்றைக்கு ஹட் என்றேன்.

கால் வலித்தது. இரண்டு ஆர்டர் காத்து நின்றது.
"எடுத்தானா?" என்று திரும்பக் கேட்டார்.
வாலிலிருந்து கழன்ற ஆம்
தலையாட்டலாய் வெளியே வந்தது.

ஹப்தோம் ஏப்ரனை நாலாய் மடித்து
ஈரமாகாத இடம் பார்த்து வைத்துவிட்டுப் போனான்.

இப்போது இரவுகளில்
அவன் எடுக்கவில்லை என்று நிச்சயமாய்ப் படுகிறது.
ஆதாரம்: முதல் நாள்
வெட்டுப்பட்ட என் விரலுக்குப் பிளாஸ்டர் ஒட்டினான்.
பிளாஸ்டர் ஒட்டினவன் காசு எடுப்பானா?
பார், அதே காகம்.
இந்தமுறை பழம்
நான் விரித்த துணியில் விழுகிறது.

எடுத்திருக்கலாம். எடுக்காமலும் இருந்திருக்கலாம்.
இரண்டில் ஒன்று நடந்தது,
எங்களிடம் அபிப்பிராயம் கேட்டு நடக்கவில்லை.

பெப்ரவரியில் திருமதி எஷ்லிமானிடம் போய்
அன்று ஹாபெ என்றிருக்க வேண்டும் என்றேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இலக்கணப் பிழையா?"
இல்லை, வசனம் சுத்தமாக இருந்தது.
"அப்போ?"
அதற்கு எனக்கு இரண்டு மொழியிலும்
விடை வரவில்லை.

இன்று சன்னலில் ஆறு தெரிகிறது.
பேணியில் புதுக் காசு.
ஐந்து பிராங்குகளைப் பத்துப் பத்தாய் அடுக்குகிறேன்.
அடுக்கும்போது கை நிற்கிறது:
அந்த நூற்றெண்பத்துநாலை
நான்தான் எண்ணினேனா,
யோகநாதன் எண்ணிச் சொன்னதா?