ஐந்தாம் கேள்வி

முதல் இரண்டு கூட்டமும் சண்டையில் போயிற்று.
வேலாயுதசாமிக்குப் பஞ்சுத் தூசியின் எடை வேண்டும்,
எஸ்தருக்கு மூச்சின் அளவு.
நான் புள்ளியியல். ஆமாம், இல்லை,
இரண்டு கட்டம் போதும் எனக்கு.
தமிழ்த்துறை எதற்கு இதில் என்று
பானு எழுந்துபோன நேரம் பார்த்துக் கேட்டேன்.

பல்லடம் தாண்டி ஒரு நூற்பாலை.
பானு எங்களோடு வந்தது அன்றுதான் முதல்.
ராத்திரி ஷிப்ட் முடித்து
புருவத்தில் பஞ்சோடு உட்கார்ந்தார் துளசிமணி.
மூச்சு முட்டுமா?
"அதெல்லாம் இல்லீங்."
சுழியம் போட்டேன்.
பானு பேச்சை விடவில்லை,
லீவுக்கு ஊருக்குப் போனீங்களா, எப்ப வந்தீங்க என்று.
"ஞாயித்துக்கெழமைங். அடுத்த நாளு
திங்கக்கட்டு இருக்குமுங்களே."
என்னது?
"நெஞ்சக் கட்டுமுங். பொதன் ஆனாச் செரியாயிரும்.
அதையெல்லாமா நோவுங்கறது?"

எஸ்தரின் பேனா நின்றது.
வேலாயுதசாமி அண்ணாந்து
விசிறிகளை எண்ணத் தொடங்கினார்.
பானுவின் நோட்டில் ஒரே ஒரு சொல்.

சூலூர் வரை காரில் யாரும் நிதி பற்றிப் பேசவில்லை.
என் மடியில் நூற்றுப்பன்னிரண்டு படிவம்,
ஐந்தாம் கேள்விக்கு நேரே
வரிசையாக, அழகாக, சுழியம்.
துறைக்குக் கார் கிடைப்பது
வியாழக்கிழமைகளில்தான்.