எண்பது கிராம்

பெனாப்ஸ்காட் ஆற்றங்கரைக் காகித ஆலையில்
இரவுப் பணி முடிகிற நேரம்.
ஃபோர்மேன் சாப்பாட்டு அறைக்குள் வந்து
ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார்.
புதிய ஒப்பந்தம்.
படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஏழு மணிக்குள்.

காப்பி ஆறுமுன் படித்துப் போட்டுவிட்டேன்.
எனக்கு எப்போதும் அப்படித்தான்.
வரிகளின்மேல் நீர்ப்பூச்சி மாதிரி ஓடுவேன்,
கால் நனையாது.

வெர்னா எதையும் இரண்டு தடவை படிப்பாள்.
விவாகரத்துத் தாள்களை ஒரே தடவை படித்ததில்
வீடு போயிற்றாம்.
லைல், ஐஸ் ஹாக்கிப் பக்கத்தை மூச்சுவிடாமல் முடிப்பான்;
'மேற்குறிப்பிட்ட' என்று ஒரு சொல் வந்தால் போதும்,
சேற்றில் லாரிச் சக்கரம்.
ஃபோர்மேனுக்கே உதடு அசையாமல் வராது.
அதற்காகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

ரெஜான் திபோடோ
கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றான்.
பதினோரு வருடமாக மறக்கிறான்.
சட்டைப்பையிலிருந்து அது
ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தாளை விளக்குக்கு நேரே பிடித்தான்.
மூலையை மடித்து விட்டான்.
கட்டைவிரலால் தடவி,
காதருகே ஒரு உதறு உதறினான்.
"எண்பது கிராம். நம்முடையது இல்லை.
யூகலிப்டஸ் கூழ், எங்கேயோ தெற்கே இருந்து."

யாரும் சிரிக்கவில்லை.
எல்லாரும் தாளைத் திருப்பிப் பார்த்தோம்,
பின்பக்கம் எழுதியிருக்கிற மாதிரி.
ஆலையின் கடிதத்தை
அடுத்தவன் ஆலைத் தாளில் அடித்திருக்கிறார்கள்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை.
ஆனால் மணி ஆறு நாற்பது.
தாளின் எடை தெரிந்தவனுக்கு
ஏழாவது பிரிவு தெரியாது.

"புகைக்கப் போகலாமா?" என்றேன்.
நான் புகைப்பதில்லை. அவனுக்கும் அது தெரியும்.
மரக்கட்டைக் குவியலுக்குப் பின்னால், பனியில்,
எனக்கு ஒரு சந்தேகம் என்று சொல்லி
இரண்டு பக்கமும் வாய்விட்டுப் படித்தேன்.
அப்போதுதான் ஏழாவது பிரிவு
என் காதிலும் விழுந்தது:
ஞாயிறு இனி மற்ற நாளைப் போல.
இரட்டைச் சம்பளம் கிடையாது.

"அந்த வரியை இன்னொரு தடவை," என்றான்,
எனக்கு உதவுகிறவன் குரலில்.
படித்தேன். மெதுவாக.

அடியில் என் கையெழுத்து காய்ந்திருந்தது.
ரெஜான் அதை மட்டும் தானே படித்தான்.
பிறகு பேனாவை மூடி
காதில் செருகிக்கொண்டான்.