காய் போகலாம், இலை போகக்கூடாது

சுங்கை கெமுனிங் முச்சந்தியில்
செம்பனை லோரிகள் திரும்பும் வளைவில்
ஒரு மேசை, இரண்டு கூம்பு, குறுக்கே ஒரு கயிறு.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான்,
விவசாய இலாகா கொடுத்த பச்சைச் சட்டையில்.

தவுக்கே லிம்மின் தோட்டத்தில் ஆரம்பித்தது.
லிமாவ் மாடு என்று பெயர் அந்தப் பழத்துக்கு.
எங்கள் காதுக்கு மாடு,
மலாய்க்காரர் நாக்குக்குத் தேன்.
இலை நரம்பின் இடப்புறம் ஒரு மஞ்சள்,
வலப்புறம் அதோடு ஒத்துப்போகாத இன்னொரு மஞ்சள்.
காய் கோணலாய்த் தொங்கியது.
அறுத்தால் விதை கருகிச் சப்பை.
ஒரு சுளையை வாயில் போட்ட லிம்
துப்பவில்லை.
விழுங்கிவிட்டு
வெகுநேரம் ரோட்டையே பார்த்தார்.

என்சிக் ரோஸ்லான் வரைபடத்தில் காம்பஸ் ஊன்றிச் சுற்றினார்,
இரண்டு கிலோமீட்டர்.
பென்சில் கோட்டுக்குள் விழுந்தன
பழைய லயங்கள், தமிழ்ப்பள்ளி,
பாதி சாப்பாட்டுக்கடை, என் வீடு.
அம்மன் கோயில் மயிரிழையில் தப்பியது.

பட்டியலை நான்தான் தமிழில் படித்தேன்.
லிமாவ் வகை எல்லாம். கெமுனிங் செடி.
மூன்றாவதாகக் கறிவேப்பிலை என்றதும்
பள்ளி மண்டபத்தில் சிரிப்பு.
அப்புறம் சிரிப்பு இல்லை.

அதற்கு நோய் வராது, ஐயா.
நோய் சுமக்கும் பூச்சிக்குத் தங்க இடம் தரும்,
அதுதான் அதன் குற்றம் என்றேன்.
பின்வரிசையில் பச்சையப்பன் அண்ணன் தலையாட்டினார்.
வங்காளதேசத்துப் பையன் ஒருவனைப்
படுக்க விட்டதற்குப் போன வருடம்
மூன்று நாள் லோக்கப்பில் இருந்தவர்.

கேன்டீன் அஞ்சலைதேவி எழுந்தாள்:
கெமுனிங்கையும் வெட்டணும்னா
ஊர்ப் பெயர்ப்பலகையையும் வெட்டுவீங்களா?
மொழிபெயர்த்தேன்.
என்சிக் ரோஸ்லான் சிரித்தார்,
சிரித்தபடியே எதையோ குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கயிற்றடியில்
தெய்வநாயகி அக்கா, கூடையில் நூற்றெட்டு எலுமிச்சை.
காய் போகலாம் அக்கா,
காம்பும் இலையும் போகக்கூடாது.
தார் ரோட்டோரம் குந்தி
கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாய்க் கிள்ளினாள்.
பின்னால் லோரிகள் ஹார்ன் அடித்தன.
எழுபதாவது காயில் நிமிர்ந்து கேட்டாள்,
ஆத்தாளுக்கும் இதே சட்டமா?
ஆத்தா கோட்டுக்கு வெளியே இருக்கிறாள் அக்கா,
நாம்தான் உள்ளே.

கறிவேப்பிலையாட்டம் தூக்கிப் போட்டுட்டாங்க என்று
எத்தனை பேரைப் பற்றிச் சொல்லியிருப்போம்.
இந்த மாதம் ஊரில் யாரும் அதைச் சொல்லவில்லை.

மரம் எண் நூற்று முப்பத்தொன்று
என் வீட்டுப் பின்கதவருகே.
கடைசிவரை தள்ளிப்போட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.
ராத்திரி டார்ச் அடித்துத் தேடினேன்,
இல்லையென்றால் இல்லையென்று எழுதலாமே என்று.
கொழுந்தின் நுனியில் மூன்று.
அரிசிக் குருணை அளவு.
தலையை இலையில் ஊன்றி, பின்புறம் தூக்கி,
விழுந்து கும்பிடுகிற மாதிரி
குடித்துக்கொண்டிருந்தன.

ரூபவதி ஒன்றும் சொல்லவில்லை.
பாராங்கைக் கொண்டுவந்து நீட்டினாள்,
பிடிப்பக்கம் எனக்கு.

நஷ்டஈட்டுப் பாரத்தில்
லிமாவுக்குக் கட்டம் உண்டு, தொகையும் உண்டு.
கறிவேப்பிலைக்குக் கட்டம் இல்லை.
‘இதர’ என்ற இடத்தில் எழுதினேன்,
எண்ணிக்கை ஒன்று, மதிப்பு ஒரு கோடு.

மூன்றாம் வாரம்
வெட்டிய அடியில் துளிர்.
வெயில் ஊடுருவும் இளம்பச்சை.
முற்றின இலையை அது சீண்டாது,
இதைத்தான் தேடி வரும்.
வேரைத் தோண்ட இலாகா ஆள் வரும்வரை
தினமும் விடிகாலையில் கிள்ளுகிறேன்,
ரசத்துக்கு இல்லை,
பிளாஸ்டிக் பையில் இறுக்கி முடிச்சுப் போட.
சவர்க்காரத்துக்கும் போகவில்லை அந்த வாசம்.

ஏழு மணிக்குக் கயிற்றடியில்
முதல் மோட்டார்சைக்கிள்.
கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூச்சை இழுக்கிறான் பையன்:
யார் வீட்டிலயோ தாளிக்கிறாங்க அண்ணே!

பெட்டியைத் திற, என்கிறேன்.