மட்டக்கோல்

பாலம் கட்டியவனை நாலு பேருக்குத் தெரியும்.
ஆற்றை அளந்தவனைத் தெரியாது.
நான் அளந்தேன்.

எப்ரோவின் இடக்கரையில், பாப்லர் மரத்தடியில்,
சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒரு கோல்.
மணிக்கொரு முறை குனிந்து பார்ப்பதுதான்
என் போர்.

ஜூலை இருபத்தைந்து. நிலவில்லை.
நீர்மட்டம் ஒரு மீட்டர் பன்னிரண்டு.
துடுப்புகளுக்குச் சாக்கு சுற்றியிருந்தோம்,
கோவேறு கழுதைகளுக்கு வாய்க்கட்டு.
மேஜர் ஃபெர்ரியோல் பால்ட்ரிக்
ரெயூஸில் கடிகாரம் பழுதுபார்த்தவர்.
"சத்தமில்லாமல் கடப்பது முதல் வெற்றி,
மறுகரையில் விடிவது இரண்டாவது" என்றார்.
மூன்றாவது என்னவென்று
நாங்களும் கேட்கவில்லை.

விடிந்தது. கடந்திருந்தோம்.
காந்தேசாவின் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்
நின்றுபோனோம்.
முன்னே போன காலுக்குப் பின்னால்
ரொட்டி வர வேண்டும், பீரங்கி வர வேண்டும்.
எல்லாவற்றுக்கும் பாலம் வேண்டும்.

எதிர்த் தளபதி அதை அறிந்தவன்.
பாலத்தைக் குறிவைத்த விமானங்கள் தவறவிட்டபோது
அவன் ஆற்றையே எடுத்து எங்கள்மேல் எறிந்தான்.
மேலே, மலையில், அணை அவன் வசம்.

தளபதியின் பெயர் எனக்குத் தெரியாது.
மதகுச் சக்கரத்தைச் சுழற்றியவனைத் தெரியும்.
செலஸ்தி அங்லாதா.
நீரியல் அலுவலகத்தில் ஒன்பது வருடம் எதிர்மேசை.
வெங்காய ஆம்லெட்டில் பாதியைக்
காகிதத்தில் வைத்து என் பக்கம் தள்ளுவான்.
மூன்றாம் மதகு துருப்பிடித்தது, பாதிதான் திறக்கும்.
கஷ்டமானதை முதலில் முடிப்போம் என்று
எப்போதும் அதில்தான் தொடங்குவான்.

முதல் வெள்ளத்தில்
கட்டைகள் வந்தன, ஒரு செத்த ஆடு வந்தது,
பிறகு எங்கள் பாலமே
சங்கிலியை இழுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது.

கோலைப் பார்த்தபடி மேஜரிடம் சொன்னேன்:
"முதலில் சின்னதாக ஓர் ஏற்றம், ஒரு சாண்.
அது மூன்றாம் மதகு.
அதன்பின் நாற்பது நிமிடம் இருக்கிறது நமக்கு."
கடிகாரத்தின் முதுகைத் திறந்தவர்போல
என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து ஒரு சாண் ஏறினால் பாலத்தைக் கழற்றினோம்,
வடிந்தால் பூட்டினோம்.
செலஸ்தியின் ஒரு பழக்கத்தின்மேல் நடந்து
ஒரு படைப்பிரிவு ஆற்றைக் கடந்தது.

அக்கரையில் மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல்.
மண்வெட்டி இறங்காது, பதுங்குகுழி கிடையாது.
குண்டு ஒன்று விழுந்தால் கல் நூறாக வெடிக்கும்.
பால்புட்டிப் பட்டாளம் என்று பெயர் வாங்கிய
பதினேழு வயதுக்காரர்கள் அங்கே.
மேலிடத்து உத்தரவு: ஓர் அடியும் பின்வாங்காதே.
ஐரோப்பா நம்மைப் பார்க்கிறது என்றார்கள்.
ஐரோப்பா அந்தச் செப்டம்பரில்
வேறு மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

அக்டோபரில் ஓர் இரவு
அந்த ஒரு சாண் வரவில்லை.
நேரே ஒன்றரை மீட்டர், சுவர்போல.
பாலத்தில் இருபது கழுதைகள்.
காயம்பட்டவர்களை எண்ணி முடிக்கவில்லை.

நான் படிப்பதை அவன் கண்டுகொண்டானா?
அல்லது அந்தச் சக்கரத்தில்
வேறொருவன் கையா?
இரண்டில் எதை விரும்புவதென்று
இதுவரை முடிவு செய்ய முடியவில்லை.

நவம்பரில், மூடுபனியில், மிச்சமிருந்தவர்கள் திரும்பினார்கள்.
பால்ட்ரிக் வரவில்லை.
அவருக்குப் பின்னால் இரும்புப் பாலத்தை நாங்களே தகர்த்தோம்.
வென்றவர்கள் மலைகளை எண்ணினார்கள்,
தோற்ற நாங்கள் நாட்களை: நூற்றுப் பதினைந்து.
இனி நாட்டைக் காக்க ஆறு எதுவும் மிச்சமில்லை என்பது
சமையற்காரனுக்கும் புரிந்திருந்தது.

கடைசியாக ஒருமுறை குனிந்தேன்.
ஒரு மீட்டர் ஒன்பது.
மூன்று சென்டிமீட்டர் குறைவு, அவ்வளவுதான்.
பேரேட்டில் தேதி, நேரம், மட்டம் எழுதினேன்.
'குறிப்பு' என்ற பத்தியில் பென்சிலை வைத்தேன்.
காகிதம் ஈரம். எழுதவில்லை.