சோளம் சேராதது

எண்ணூறு ஏக்கர் மக்காச்சோளம் என்னுடையது.
பாதிக்கு மேல்
ஊர் எல்லையில் வெள்ளை ஆவி விடும் ஆலைக்குப் போகிறது,
எத்தனால் ஆகிறது.
ஆலையில் எனக்குப் பங்கும் உண்டு.
பத்திரம், பைபிள் இருக்கிற இழுப்பறையில்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்:
பதினேழு மைல் தள்ளி, அடுத்த கவுண்டியில்,
என்னைத் தெரியாத ஒரு பம்பில்
சோளம் சேராத பெட்ரோல் வாங்குகிறேன்.
வசந்தத்தில் இரண்டு சிவப்புக் கேன்,
அறுவடைக்கு முன் இரண்டு.

டிராக்டருக்கு அல்ல. பிக்கப்புக்கும் அல்ல,
அது எதை ஊற்றினாலும் குடிக்கும்.
ஃபால்கனுக்கு.
அறுபத்து நாலாம் வருடத்து வண்டி, வெண்ணெய் நிறம்.
ஜூலை நாலு ஊர்வலத்துக்கு ஒரு நாள்,
அறுவடை முடிந்த ஞாயிறு ஒரு நாள்.
கூட்டினால் நாற்பது மைல்.
மற்ற நாளெல்லாம் கொட்டகையில், போர்வைக்குள்.
தூங்குகிறது என்று சொல்லமாட்டேன்.
இரும்பு தூங்காது. துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

எத்தனாலின் குணம் எனக்குத் தெரியாதா?
ஈரம் எங்கிருந்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும்.
வாரம் ஒரு டேங்க் எரிகிற வண்டியில்
அது ஒரு குற்றமே இல்லை.
நிற்கிற வண்டியில்தான்
அதற்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது.
தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு அடியில் போய் உட்காரும்,
பழைய ரப்பரை ஊறவைக்கும்,
கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளையாய்ப் பூக்கும்.
ஒருமுறை திறந்து பார்த்தேன்,
கெட்டிலின் அடியில் படிகிற உப்பு மாதிரி.
அன்றைக்குப் போனது நானூற்று முப்பது டாலர்.

மார்லிஸ் கணக்குப் போட்டாள்,
விதைக் கம்பெனி காலண்டரின் பின்பக்கம்.
கேலனுக்குத் தொண்ணூறு சென்ட் கூடுதல்.
வருடத்துக்குப் பத்து கேலன். ஒன்பது டாலர்.
அதுவரை சரி.
போக வர, இரண்டு தடவை, அறுபத்தெட்டு மைல்.
பிக்கப் குடித்தது நாலரை கேலன்,
அதில் பத்தில் ஒரு பங்கு நம் வயல்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
"கார் ஓடுவதைவிட அதற்காக நீ ஓடுவது அதிகம்."
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபரில் அந்த பம்பில் ஆர்லோ ட்யாடன்.
எங்கள் ஆலையின் மேனேஜர்.
அவன் கையில் ஒரு கேன், என் கையில் இரண்டு.
"படகுக்கு" என்றான்.
"புல்வெட்டிக்கு" என்றேன்.
அவனிடம் படகு கிடையாது.
என் புல்வெட்டி டீசலில் ஓடுவது அவனுக்குத் தெரியும்.
"உன் சோளத்தில் ஈரம் எவ்வளவு?" என்று கேட்டான்.
"பதினெட்டு."
"கொஞ்சம் காயவிடு" என்று சொல்லி
மூடியை இரண்டு தடவை திருகினான்.

ஏப்ரலில் ஃபால்கன் கிளம்பவில்லை.
பேட்டரி புதிது. பெட்ரோல் கண்ணாடி போலச் சுத்தம்.
கார்புரேட்டர் கிண்ணத்தில்
முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.
பிறகு காற்று வடிகட்டியைத் திறந்தேன்.
பின் சீட்டின் பஞ்செல்லாம் அங்கே இருந்தது,
வட்டமாய், வெதுவெதுப்பாய், ஒரு எலியின் வீடு.
நடுவில் மக்காச்சோளம்.
எண்ணினேன்: இருபத்தேழு மணி.
என் வயலுடையதுதான், அந்தப் பல்வரிசை எனக்குத் தெரியும்.
டேங்கின் வாசலில் நான் காவல் நின்ற குளிர்காலம் முழுக்க
அது பக்கத்துக் கதவு வழியாக
ஒவ்வொன்றாய் உள்ளே வந்திருக்கிறது.

மார்லிஸிடம் காட்டினேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
ஒரு மணியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள்.
"நல்லாக் காய்ஞ்சிருக்கு" என்றாள்.

சனிக்கிழமை கேன்களை எடுத்தபோது
அவள் ஃபால்கனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்,
மடியில் கைப்பை.
"இதிலேயே போவோமே. அந்த பம்பில் பை நல்லா இருக்குமாம்."
போனோம். ருபார்ப் பை, ரொம்பப் புளிப்பு.
மாதம் இரண்டு தடவை இப்படி ஓட்டினால்
சாதாரண பெட்ரோலே போதும்.
அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.
கேன்களை நிரப்பி டிக்கியில் வைத்தேன்.

திரும்பும் வழியில் ஆலை.
புளித்த மாவின் வாசனை காருக்குள் ஏறியது.
கண்ணாடியை ஏற்று என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் முழங்கையை வெளியே வைத்திருந்தாள்.